சந்தனம் எடுத்து வந்த நடை

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நாடகத்தில் பபூன் வேஷம் கட்டுகிறவர். அவர் வீட்டுக்கு வந்தால் எனக்குக் கொண்டாட்டம், அப்பாவுக்குத் தலைவலி. நான் திருச்சுழியில் பத்தாவது படித்த வருஷம் எங்கள் ஹெட்மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஆண்டு விழாவில் ராஜா வேஷம் போட்ட பிள்ளைகள் வசனத்தை மறந்துவிட்டு முழிப்பதைப் பார்த்துப் பார்த்து அவர் அலுத்துப்போயிருந்தார். வசனமே இல்லாத கோமாளி நாடகம் போட்டால் மறப்பதற்கு ஒன்றும் இருக்காது என்பது அவர் கணக்கு. மாமாவுக்கு ஆள் அனுப்பினார். பபூனை மச்சினன் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்ட அப்பா, பள்ளிக்கூடமே கூப்பிடுகிறது என்றதும் எங்கள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூட்டை அடுக்காமல் காலியாகக் கிடந்த பருத்திக் கிட்டங்கியில்தான் பழக்கினார். மதியச் சாப்பாடு முடிந்ததும் போவோம். வெளியே பொட்டல் வெள்ளை வெளேரென்று எரியும். உள்ளே தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக விழும் வெயிலில் பழைய பஞ்சுத் தூசி மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். திரும்பும்போது எங்கள் தலையெல்லாம் நரைத்திருக்கும்.

முதலில் விழச் சொல்லிக்கொடுத்தார். "மூச்ச மொதல்ல கீழ விடுலே, ஒடம்பு தன்னால வரும்" என்பார். பிறகு அடி விழாமலே கன்னத்தில் அறை விழும் சத்தம். பிறகு இல்லாத குடத்தைத் தூக்குவது. "தண்ணி இருந்தா இடுப்பு சொல்லணும்." நாங்கள் இல்லாத குடங்களைச் சுமந்துபோய் ஒரு மூலையில் இறக்கி வைத்தோம். அதன்பின் அந்த மூலையில் யாரும் கால் வைக்கவில்லை. சுற்றித்தான் போனோம். மாமா அதைக் கவனித்துச் சிரித்துக்கொண்டார்.

அப்புறம் நடை. "ஆளுக்கொரு ஆள ஊருக்குள்ள பாத்து, அவுக நடைய எடுத்துட்டு வாங்க. மொகத்தப் பாக்காதீக. மொகம் பொய் சொல்லும், நடைக்குப் பொய் தெரியாது." அதற்கு ஒரு கட்டுப்பாடும் வைத்தார். எடுத்த நடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். முகமும் காலும் கழுவி, சொந்தப் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதுவும் பபூன் வேடிக்கைதான் என்று நினைத்துக்கொண்டு எங்கள் பேர்களைக் கத்திவிட்டு ஓடினோம்.

மறுநாள் எங்கள் கால்களில் தபால்காரர் வந்தார், தயிர்க்காரம்மா வந்தார், ஹெட்மாஸ்டரே வந்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கடைசியாகச் சந்தனம் எழுந்தான். நரிக்குடிப் பக்கத்துப் பையன். அந்த வருஷம்தான் எங்கள் வகுப்பில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தான். வாய் திறந்து பேசமாட்டான். ஆனால் மாமா சொன்னது எதுவும் அவன் உடம்புக்கு ஒரே தடவையில் பிடிபட்டுவிடும்.

அவன் வாசலிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் நடந்தான். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டது காதில் விழுந்தமாதிரி தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வலது கை வீசாமல் தொடையோடு ஒட்டியிருந்தது. இடது குதிகால் மட்டும் லேசாக இழுபட்டது. சரக், சரக் என்று அந்தச் சத்தம் தகரத்தில் பட்டுத் திரும்பியது.

அது என் அண்ணன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடையில் ஆட்கள் பார்க்க அப்பா அண்ணனை அடித்தார். அன்றைக்கு மத்தியானம் வெயிலில் இறங்கிப் போனவன்தான். எங்கே போனான், இருக்கிறானா என்று ஒரு தாக்கல் தகவலும் இல்லை. சந்தனம் எங்கள் ஊரில் அவனைப் பார்த்திருக்க வழியே கிடையாது.

தாளம் தட்டிக்கொண்டிருந்த மாமாவின் கை அப்படியே நின்றுவிட்டது. "யாரு நடைலே இது?"

"எங்க ஊரு கம்மாக்கரையில போன ஆளு, சார்."

"ஆளு எப்பிடி இருந்தான்? மொகம்?"

"நீங்கதேன் மொகத்தப் பாக்காதீகன்னீக."

வீட்டுக்குப் போகும் வழியில் மாமா, "அக்காகிட்ட மூச்சு விடாத தாயி" என்றார். நான் விடவில்லை. ஆனால் கூடப் படித்த பிள்ளைகள் விட்டார்கள். மறுநாள் மத்தியானம் கிட்டங்கி வாசலில் அம்மா நின்றாள். பின்னால் வெயில் எரிந்ததால் அவள் முகம் தெரியவில்லை. அன்றைக்கென்று மாமா சந்தனத்துக்கு ஒத்திகைக்காக, வேஷக்காரர்கள் பூசும் முத்துவெள்ளையை முகம் முழுக்கப் பூசி வைத்திருந்தார். புருவம், உதடு எல்லாம் மறைந்து, அவனுக்கும் முகமென்று ஒன்று இல்லை.

"நடந்து காட்டுய்யா" என்றாள் அம்மா.

நடந்தான். அம்மா அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. "இன்னொருக்க" என்றாள். அவன் சுவரைத் தொட்டுத் திரும்பி அவளை நோக்கி வந்தபோது, வீட்டுக்குள் வருகிறவனுக்கு வழிவிடுவதுபோல் வாசலில் கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்து சந்தனத்துக்குப் போட்டாள். அவன் வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் சாப்பிட்டான். மாமா தடுக்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சந்தனத்திடம் ஏதோ மாறிக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போதும் அந்த நடையிலேயே போனான். பிரேயர் வரிசைக்கும் அப்படித்தான் வந்தான். ஹாஸ்டல் பையன்கள் அவன் பக்கத்தில் பாய் போடப் பயந்தார்கள். ஒருநாள் மாமாவே அவன் தலையைப் பிடித்துக் குழாயடியில் கழுவிவிட்டார். "இறக்கி வையிலே. ஒம் பேரச் சொல்லு." சந்தனம் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்திலிருந்து வெள்ளைத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பேரைச் சொல்ல அவனுக்கு ரொம்ப நேரம் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மாமாவும் நரிக்குடிக்குப் பஸ் ஏறினார்கள். அண்ணன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற அப்பா, அன்றைக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மாமாவுக்கு முன்னால் கிளம்பி நின்றார். பொழுது சாயத் திரும்பினார்கள். கண்மாய் வற்றிக் கிடந்ததாம். கரையில் ஆடு மேய்த்தவர்கள், கருவேலம் வெட்டியவர்கள் எல்லாரையும் கேட்டார்களாம். "அப்பிடி ஒரு ஆளு இந்தப் பக்கமே நடமாடலயே" என்றுதான் எல்லாரும் சொன்னார்களாம். அப்பா ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஆண்டு விழா அன்று பொழுது இறங்கும் நேரத்தில் நாடகம் தொடங்கியது. நான் படுதாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். வழி தெரியாமல் ஒரு குடத்தோடு ஊரைச் சுற்றி வருகிற கோமாளி, அதுதான் சந்தனம். இல்லாத குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த நடையில் மேடையைக் கடந்தான். தடுக்கினான், தண்ணீர் தளும்பியது, ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

பெண்கள் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள். வீட்டில் அண்ணனைக் கூப்பிடுகிற செல்லப் பேரைச் சொல்லி, வெளியே நிற்கும் பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுவதுபோல, சாதாரணமாகக் கூப்பிட்டாள்.

அதுவும் நாடகம்தான் என்று நினைத்து ஜனம் இன்னும் சிரித்தது. சந்தனம் நின்றான். அவன் அசையாமல் நிற்க நிற்க, சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. அவன் குடத்தை இறக்கி மேடையில் வைத்தான். அம்மா இருந்த பக்கம் திரும்பினான்.

"வாரேம்மா."

சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்துப் படுதாவுக்குள் போய்விட்டான். அம்மா உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முன்வரிசையில் இருந்த அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

மாமா கோபமாக மேடைக்குப் பின்னால் ஓடினார். "வசனம் பேசச் சொன்னது யாருலே?"

"நான் வாயே தெறக்கல சார். எங்காத்தா மேல சத்தியமா."

மாமா விளக்கை எடுத்து அவன் முகத்தருகே பிடித்தார். உதட்டின் மேல் பூசியிருந்த முத்துவெள்ளை காய்ந்து ஒரே ஏடாக இருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. மாமா விளக்கைக் கீழே வைத்துவிட்டு, தன் துண்டாலேயே அவன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அந்த 'வாரேம்மா' எனக்குக் கேட்டது. மறுநாள் வகுப்பில் விசாரித்தபோது சிலர் கேட்டது என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். வீட்டில் அம்மா அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். கிட்டங்கிப் பக்கம் அவள் திரும்பிப் போகவில்லை. சந்தனமும் அந்த நடையை விட்டுவிட்டு, எல்லாப் பையன்களையும்போல் ஓடித் திரிந்தான். அண்ணன் கடைசிவரை வரவில்லை.

மாமா ஊருக்குக் கிளம்பிய அன்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னதாக, எனக்குப் பின்னால் வந்த காலடி நின்றுவிட்டது. திரும்பினேன். மாமா ரோட்டின் நடுவில் நின்று என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பய கிளாஸுல எங்க ஒக்காருவான்?"

"எனக்குப் பின்னால, மாமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல தாயி. நட."

எழுபதுகளில், கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்குப் போன புதிதில், ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்கோடியிலிருந்து அண்ணன் வந்துகொண்டிருந்தான். தலை சாய்ந்திருந்தது, கை தொடையோடு ஒட்டியிருந்தது, குதிகால் இழுபட்டது. நான் நின்றேன். அவனும் நின்றான். சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருந்தார்கள்.

ஒரு பெண்பிள்ளையின் நடையைப் பார்த்து எடுத்தேன் என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான் சந்தனம் கம்மாக்கரையில் ஒரு ஆளை நடக்கவிட்டிருக்கிறான். அதுவரைக்கும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த 'வாரேம்மா' மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.

அந்த ஆண்டு விழாவுக்குப் பிறகு, நான் கல்யாணமாகிப் போகிறவரைக்கும், கோயிலுக்கோ சந்தைக்கோ எங்கே கிளம்பினாலும் அம்மா என்னோடு சேர்ந்து நடந்ததில்லை. "நீ முன்னால போ, நான் பின்னாலயே வாரேன்" என்பாள். பாவம், முழங்கால் வலிபோல என்று நினைத்து நான் மெதுவாக நடப்பேன். அவள் இன்னும் மெதுவாக வருவாள்.