ஸ்பிரிங் வாசரும் வடகரை ஏட்டையாவும்

நடுவில் ஓட்டையோடு விற்கிற சாமான்களில் உளுந்த வடைக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசிகூட வாசருக்குக் கிடைப்பதில்லை. போல்ட் கேட்பார்கள், நட்டு கேட்பார்கள். வாசரை நாமாக எடுத்து வைத்தால் மட்டும் தலையில் கட்டப் பார்க்கிறோம் என்று முறைப்பார்கள். கடை வைத்திருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்களுடையது தென்காசியில் போல்ட் நட்டுக் கடை. வீட்டுக்காரருக்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்து, டாக்டர் மல்லாந்து படுக்கச் சொல்லிவிட்டதால் போன வருஷம் சித்திரையில் நான் கடையில் உட்கார்ந்தேன். சாமான் எனக்குப் புதிதில்லை. கலந்து வருகிற மூட்டையை வீட்டில் கொட்டி, இத்தனை வருஷமாக அளவு வாரியாகப் பிரித்தது நான்தான். எட்டு எம்.எம்.மா பத்து எம்.எம்.மா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லிவிடுவேன். ஆனால் வருகிறவர்களுக்கு அது தெரியாதே. "அவிய இல்லையா? அப்பம் பொறவு வாரேன்" என்று திரும்பிவிடுவார்கள். "ஆடி வரைக்கும் பாப்போம், சரிப்படலைன்னா கடையைக் கைமாத்தி விட்டுருவோம்" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். எனக்குக் கடையை விட மனசே இல்லை.

இருபதும் உடைசல்

இலஞ்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற வாத்தியார் ஒருவர், கிணற்று மோட்டாருக்கு ஸ்பிரிங் வாசர் இருபது வாங்கிப் போனார். மறுநாள் காலையில் நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்கிறார். பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் பரப்பினார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். இருபதுமே ஓரிடத்தில் உடைந்திருக்கிறதாம்.

ஒன்றைப் போல்ட்டில் மாட்டி, ஸ்பேனரால் முறுக்கிக் காட்டினேன். அது உடைசல் இல்லை, செய்யும்போதே வெட்டி இரண்டு முனையையும் மேலும் கீழுமாக விட்டிருப்பார்கள். இறுக்கினால் அமுங்கும். அமுங்கிக்கொண்டே நட்டை எதிர்த்துத் தள்ளும். அதனால் மோட்டார் அதிர்ந்தாலும் நட்டு லேசில் கழலாது. வாத்தியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எல்லாம் வெளங்குதும்மா. இருந்தாலும் ஒடையாததுல ஒரு இருபது குடுத்துருங்க."

லைனில் இருங்க

வடகரை ஏட்டையா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு கடையில் சாமான் வாங்கினால் வடகரையில் பாதிப் பேர் அங்கேதான் வாங்குவார்கள். வைகாசி கடைசியில் வந்தார். மாட்டுத் தொழுவத்துக்குப் புதுத் தகர ஷீட் போடுகிறார். ஷீட்டைக் கம்பியோடு பிடிக்கிற ஜே போல்ட்டை எடுத்துக்கொண்டு, வாசர் சாதாரணத் தட்டை வாசரே போதும் என்றார். ஷீட்டின் மேட்டில் தட்டை வாசர் படிந்து உட்காராது. தொப்பி மாதிரி குவிந்த வாசரும் அதற்கு அடியில் தார் வாசரும் போட்டால்தான் மழைத்தண்ணீர் இறங்காது, செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் ஓட்டை கிழிந்து ஷீட் பறக்காது என்று எடுத்துச் சொன்னேன். "நீ இரி தாயி" என்று சொல்லிவிட்டு, செல்லை எடுத்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்காரர் அவரை லைனில் இருக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த நிமிஷம் கடை ஃபோன் அடித்தது. மகளுடைய ஃபோனில் இருந்து வீட்டுக்காரர்தான். "ஏட்டி, ஏட்டையாவுக்கு என்ன வாசர் சொன்ன?" என்றார். ஏட்டையாவின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, "தொப்பி வாசர், அடியில தார் வாசர்" என்றேன். ஏட்டையா செல்லைக் காதில் வைத்தபடி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் "ம்... ம்... சரிடே" என்று முடித்தார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. என்ன ஆனாலும் சரியான வாசர் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டலம் கட்டினேன். அதை வாங்கிக்கொண்டே சொன்னார்: "பாத்தியா தாயி, இதெல்லாம் ஆம்பிளைய சொன்னாத்தான் தெளிவா இருக்கு."

ஒரு செம்பு

செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த மலையாள லாரி டிரைவர் ஒருவர், வேர்த்து விறுவிறுத்து ஏறிவந்து "சேச்சி, ஒரு செம்பு வேணும்" என்றார். பாவம், என்ன தாகமோ என்று உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், செம்பை ஒரு தரம் பார்த்தார். முழுவதையும் குடித்தார். பிறகு பையில் இருந்து ஆயில் போல்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஆயில் கசியாமல் இருக்க அதற்கு அடியில் போடுகிற செம்பு வாசரைத்தான் கேட்டிருக்கிறார். நான் அசடு வழிந்து நின்றபோது, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர்தான் என்னைத் தேற்றினார்: "வெள்ளம் கொள்ளாம் சேச்சி, இனி வாசர் எடுக்கு."

சத்தம் போதாது

குத்துக்கல்வலசையில் புதுவீடு கட்டிய தம்பி, மர ஊஞ்சலுக்கு போல்ட் வாங்க வந்தார். மரத்துக்குத் தட்டை வாசர் கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் போல்ட் தலை பலகைக்குள் புதைந்துவிடும் என்றேன். ஓட்டைக்கு மேல் ஓட்டை எதற்கு என்று சிரித்துவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து முகம் தொங்கிப்போய் வந்தார். போல்ட் புதைந்து ஊஞ்சல் ஒரு பக்கமாகச் சாய, அவருடைய மாமியார் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிட்டார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. வாசரை எண்ணி வாங்கிக்கொண்டு, குறை சொல்கிற குரலில் சொன்னார்: "வாசர் வேணும்னு நீங்க இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும்க்கா."

காற்று

ஆனியில் மூன்று நாள் காற்று விடாமல் அடித்தது. சாரலும் சேர்ந்துகொள்ள, குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். நான் கடை வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வடகரைப் பக்கம் ரெண்டு கொட்டகை ஷீட் வயலில் கிடக்கிறது என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். யாருடையது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏட்டையாவின் தொழுவமாக இருந்தால், பொம்பளை எடுத்துக் கொடுத்த சாமான் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும், கடையும் கைவிட்டுப் போய்விடும். அந்தத் தொழுவத்தில் சினைமாடு வேறு நின்றது.

நாலாம் நாள் மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்த நேரம், வீட்டுக்காரரின் ஃபோன் அடித்தது. ஏட்டையாதான். வீட்டுக்காரர் படுத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார். நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தேன். தொழுவத்து ஷீட் ஒன்றுகூட அசையவில்லையாம். ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். மாடு கன்று போட்டுவிட்டதாம். இப்போது மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு வைக்கிறார், அதற்கு என்ன வாசர் போடலாம் என்று கேட்டார். வீட்டுக்காரர் வழக்கம்போல, "ஒரு நிமிஷம் ஏட்டையா, லைன்லயே இரிங்க" என்று ஆரம்பித்தார். ஏட்டையா விடவில்லை: "ஏலே மாரியப்பா, நீ யார்ட்ட கேக்கப் போறேன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு ரெண்டு காதுலயும் ஒரே பதிலுதானலே விழுந்துது. போனை அவகிட்ட குடு."

கடை இன்றைக்கும் என் கையில்தான் இருக்கிறது. ஏட்டையாவுக்கும் எனக்கும் நடுவில் அமுங்கிக் கிடந்து எதுவும் கழன்றுவிடாமல் பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரரை யாராவது உடைந்துபோன மனிதர் என்று சொன்னால், வாத்தியாருக்குக் காட்டின மாதிரி அவர்களுக்கும் ஒரு தடவை முறுக்கிக் காட்டலாம் என்றிருக்கிறேன்.