மொட்டைமாடியில் ஆளுக்கொரு மூலை

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்தது, மொட்டைமாடியில் துணி விரித்தது. சோலார் பேனல் ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று மகள் அளவு சொன்னாள். தையல்காரியான அம்மா பழைய போர்வைகளை அந்த அளவுக்கு வெட்டி விரித்து, பறக்காமல் செங்கல் வைத்தாள்.

"வரைபடம்தான் இருக்கேம்மா. இது எதுக்கு?"

"உன் படத்தைச் சுத்தி நடந்து பாக்க முடியுமா? பேசாம அந்த முனையைப் பிடிடி."

மகள் மின் பொறியாளர். அடுக்குமாடிக் குடியிருப்பு என்பதால் மாடி எல்லா வீட்டுக்கும் பொது. ஒரு வீடு மறுத்தாலும் பேனல் ஏறாது. முதலில் மகள்தான் கூட்டம் கூட்டி விளக்கினாள். எல்லோரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் வேண்டாம் என்றார்கள். அதன்பிறகுதான் அம்மா கிளம்பினாள்.

சம்மதமா என்று அவள் யாரையும் கேட்டதில்லை. "இதுல உங்களுக்கு என்ன பிடிக்கலை? முதல்ல அதைச் சொல்லுங்க" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கொட்டித் தீர்த்தவர்களை மாடிக்கு அழைத்துப்போய், துணியை அவர்கள் கையாலேயே நகர்த்தச் சொல்வாள்.

கீழ்வீட்டுப் பெரியவர் துணியைத் தடவிப் பார்த்தார். "இதிலேர்ந்தா கரண்டு வரும்?"

"வரும் அண்ணே. உங்க போர்வையையும் குடுங்க, இன்னும் கொஞ்சம் வரும்."

அவர் சிரித்துக்கொண்டே தன் பூந்தொட்டிகளுக்கு வழிவிட்டு ஒரு துணியை நகர்த்தினார். சரி என்றார்.

மகள் முணுமுணுத்தபடி ஒவ்வொரு முறையும் வரைபடத்தைத் திருத்தினாள். கிடைக்கப்போகும் மின்சாரம் குறைந்தது, சம்மதம் கூடியது.

சலவைக்காரர் வீடு மட்டும் பாக்கி. மாடியில் துணி காயப்போடும் கொடிதான் அவர் பிழைப்பு. "நாளைக்குப் போய் அவரைக் கூட்டிட்டு வரணும்" என்று சொல்லிப் படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

துக்கம் கேட்கச் சலவைக்காரரும் வந்திருந்தார். குடியிருப்புச் செயலாளர் மகளின் காதோரம் குனிந்தார். "அம்மா முகத்துக்காக இப்பச் சரின்னுடுவார்மா. கேட்டுடலாமா?"

"வேண்டாம் சார்."

இழவு வீட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். மறுக்க முடியாத இடத்தில் அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

சலவைக்காரர் வாசலில் செருப்பை மாட்டியபடி நின்றார். "அக்கா வரேன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. திட்டறதுக்கு நிறைய வச்சிருந்தேன்மா" என்றார்.

அவரை மாடிக்கு அழைத்துப்போய், கொடி கட்ட எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கவேண்டிய வேலை அப்படியே கிடந்தது.