சட்டைப்பையில் எண்பது ஆம்பியர்

எண்பது ஆம்பியர். அந்த எண் பொறித்த ஃபியூஸ், கடையில் ஒரு காருக்கு ஆம்ப்ளிஃபையர் வேலை நடக்கும் நேரமெல்லாம் ஃபியூஸ் அக்காவின் சட்டைப்பையில்தான் கிடக்கும். விரல் நீளத்தில் ஒரு தட்டையான துண்டு. நடுவில் சின்ன ஜன்னல், அதற்குள் மெல்லிய உலோகப் பட்டை. வயர் தாங்க முடியாத அளவுக்கு மின்சாரம் ஓடினால் பட்டை உருகி அறுந்துபோகும், வயர் பிழைத்துக்கொள்ளும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை வயர் இழுத்து, மீட்டர் வைத்து, ஒவ்வொரு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்து, இனி பயமில்லை என்று ஆன பிறகே அவர் அதை வெளியே எடுத்து மாட்டுவார். வேறு யாரும் மாட்டக்கூடாது. கடையில் இருக்கிற ஒரே சட்டம் அது.

அக்காவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மோட்டார் காயில் சுற்றும் தொழிற்சாலையில் இருந்தார். கணவர் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர். மரமும் பசையும் அவர் பக்கம், வயரும் மீட்டரும் இவர் பக்கம். கணவரின் தம்பி மூன்றாவது ஆள். டேஷ்போர்டைக் கழற்றுவது, மாட்டுவது, வண்டியைக் கொடுத்து அனுப்புவது, இடையில் நிறுத்தாமல் பேசுவது எல்லாம் அவர் வேலை.

"எங்க அண்ணி பாக்கெட்ல கைவிட எங்க அண்ணனுக்கே தைரியம் கிடையாது" என்று வருகிறவர்களிடம் சொல்வார். ஃபியூஸ் அக்கா என்ற பெயரைத் தெருவுக்குக் கொடுத்ததும் அவர்தான்.

அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. கடையின் பின்பாதியில் நாள் முழுக்க ரம்பம் ஓடும். கத்தினாலும் காதில் விழாது. அதனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. பானெட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். ஃபியூஸ் இருந்தால் அண்ணி பார்த்தாச்சு. இல்லையென்றால் வேலை பாக்கி. இத்தனை வருஷமாக இதில் ஒருமுறைகூடத் தப்பு வந்ததில்லை.

சனிக்கிழமை மதியம் மருந்து கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபையர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. அது போதாதென்று ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம்.

"நான் ஆக்ஸிலேட்டரை மிதிச்சா பாடுறவரும் கூடவே சுதி ஏத்துறாருக்கா."

"யாரு மாட்டினது?"

"என் மச்சான்."

மச்சான் பின்னாலேயே பைக்கில் வந்து, டூல்ஸ் பையோடு நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஒரு பெருமை. கொழுந்தன் வேறு ஒரு வண்டியின் ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தார். "இந்த வாரத்துல இது மூணாவது மச்சான்."

ஃபியூஸ் அக்கா முதலில் பானெட்டைத் திறந்து ஃபியூஸைக் கழற்றினார். எண்ணைப் பார்த்தார். முந்நூறு.

"இது யாரு கொடுத்தது தம்பி?"

"எண்பது போட்டிருந்தேன். அடிக்கடி போச்சு. அதான் பெருசா வாங்கிட்டேன்."

"ஏன் போகுதுன்னு பார்க்க வேண்டாமா? இந்த வயர் எண்பதுக்கு மேல தாங்காது. இதைப் போட்டா முதல்ல வயர் எரியும், அப்புறம் வண்டி எரியும், இது அப்படியே புதுசா இருக்கும். நீயே வச்சுக்க."

அவன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். அவர் டிக்கிப் பக்கம் போனார்.

தவறுகள் வரிசையாக வந்தன. ஆம்ப்ளிஃபையரின் எர்த் வயர், பெயின்ட் உரிக்காத ஒரு சீட் போல்ட்டின்மேல் முறுக்கப்பட்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்கினார். பாட்டைக் கொண்டுபோகும் மெல்லிய கேபிளும் பேட்டரி வயரும் ஒரே கட்டாகக் கட்டிக் கிடந்தன. ரீங்காரம் வருகிற வழி அது. கேபிளை வண்டியின் மறுபக்கத்துக்கு மாற்றினார். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை ஆம்ப்ளிஃபையர் தாங்காத விதத்தில் சேர்த்துக் கட்டியிருந்தான். அதைப் பிரித்தார். சிவப்பு விளக்கு எரிந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் ஃபியூஸ் போனதற்கு இதெல்லாம் காரணம் இல்லை என்று அவருக்குப் பட்டது. வயரைத் தடவிக்கொண்டே முன்பக்கம் போனார்.

என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் மச்சான் ஒரு துளை போட்டு வயரை நுழைத்திருந்தான். துளையின் விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. ரப்பர் வளையம் இல்லை. வண்டி குலுங்கக் குலுங்க விளிம்பு வயரின் தோலை அறுத்து, உள்ளே செம்பு ஒரு கீற்றாகத் தெரிந்தது. அது தகட்டைத் தொட்டபோதெல்லாம்தான் எண்பது போயிருக்கிறது.

வயரை மாற்ற வேண்டும். அந்த அளவு ரப்பர் வளையம் கடையில் இல்லை. அடுத்த தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கிறது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் இறங்கிப் போனார். பானெட் திறந்திருக்கிறது, ஃபியூஸ் இடம் காலியாக இருக்கிறது, வேறென்ன சொல்ல வேண்டும்?

அங்கே கூட்டம். வளையத்தோடு திரும்பி வந்தபோது கார் நின்ற இடத்தில் எண்ணெய்த் திட்டு மட்டும் இருந்தது.

"வண்டி எங்க?"

"கொடுத்தாச்சு அண்ணி. அவரு வீட்டம்மா குழந்தையோட வந்துட்டாங்க. மாமியார் ஊருக்குப் போறாங்களாம். பாட்டு போட்டுப் பார்த்தோம், ஒரு ரீங்காரம் இல்ல. ரொம்ப சந்தோஷம் அவருக்கு."

"யாரு கொடுக்கச் சொன்னா?"

"நீங்கதான ஃபியூஸ் போட்டு..."

அவர் சட்டைப்பையிலிருந்து எண்பதை எடுத்துக் காட்டினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். மச்சான் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"காலியா இருந்துச்சுக்கா. மாட்ட மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். எல்லாத்தையும்தான் சரி பண்ணிட்டீங்களே, இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு என்கிட்ட இருந்ததைப் போட்டு விட்டேன்."

முந்நூறு. அறுந்த தோல். பிளேடு விளிம்பு. பின்சீட்டில் குழந்தை. ஊருக்குப் போகும் சாலை முழுக்கப் பள்ளம்.

"அவருக்குப் போன் போடு."

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. எப்படிக் கேட்கும்? ஸ்பீக்கரைச் சரிசெய்து கொடுத்ததே இவர்தானே.

"தம்பி, தீயணைப்புக்குச் சொல்லு. கார் நம்பரையும், போற ரோட்டையும் சொல்லு" என்று கொழுந்தனிடம் கத்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கி, ஸ்கூட்டரைக் கிளப்பி மச்சானைப் பார்த்தார். "நீ ஏறு. உங்க அக்காவுக்கு அடிச்சுட்டே வா."

ஸ்கூட்டர் மேம்பாலத்தில் ஏறியது. பின்னால் மச்சான், ஒரு கையில் சிலிண்டர், ஒரு கையில் போன். "எடுக்கலக்கா... எடுக்கலக்கா..." பாலத்தின் இறக்கத்தில் அவனுடைய அக்கா போனை எடுத்துவிட்டாள். "அக்கா! வண்டிய நிறுத்தச் சொல்லு!"

ஃபியூஸ் அக்கா ஓரம் கட்டினார். போனின் ஸ்பீக்கரில் பாட்டு இடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு பெண் குரல்.

"என்னது? கேக்கலடா. ஏங்க, கொஞ்சம் குறைங்க... டேய், சூப்பரா இருக்குடா நீ போட்டது. சீட்டே ஆடுது!"

ஃபியூஸ் அக்கா போனைப் பிடுங்கினார்.

"அம்மா, வயரிங் கடையிலேர்ந்து பேசறேன். வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க."

"ஏதாவது மறந்து வச்சுட்டு வந்துட்டோமா?"

"ஏதாவது வாசனை வருதா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரப்பர் மாதிரி ஒண்ணு... புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்னு இவரு..."

"நிறுத்தச் சொல்லுங்க. என்ஜினை அணைச்சுட்டு முதல்ல குழந்தையை எடுங்க. பையெல்லாம் கிடக்கட்டும். வண்டியைவிட்டு நல்லாத் தள்ளி நில்லுங்க. பானெட்டை மட்டும் திறக்க விடாதீங்க."

"நல்லாத்தான ஓடுது?" என்றது ஆண் குரல், தூரத்தில்.

பிறகு பாட்டு நின்றது. ஒரு கதவு திறந்தது. "ஏங்க, புகை! உங்க காலுக்குக் கீழ புகை!" போன் எங்கோ விழுந்தது. குழந்தை அழுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. காருக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்ல முடியவில்லை.

ஸ்கூட்டர் அதற்குமேல் என்ன வேகத்தில் போனது என்பதை மச்சான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

டயர் கிடங்கு ஒன்றின் மதில் ஓரமாகக் கார் நின்றது. பானெட் இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை கசிந்தது. கொஞ்ச தூரத்தில் மதிலோடு ஒட்டி அந்தப் பெண், தோளில் குழந்தை. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதைவிட நல்ல சத்தத்தை ஃபியூஸ் அக்கா அன்றைக்குக் கேட்கவில்லை. மருந்து கம்பெனிக்காரர் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பானெட்டை நெம்பிக்கொண்டிருந்தார்.

"தொடாதீங்க! காத்து போனா பத்திக்கும்!"

"என்ஜினை அணைச்சுட்டேன்க்கா! சாவியும் எடுத்துட்டேன்! இன்னும் வருது!"

"இந்த வயருக்குச் சாவியே கிடையாதுண்ணே. நேரா பேட்டரி."

அவர் வளையலையும் வாட்ச்சையும் கழற்றி மச்சானிடம் கொடுத்தார். ஓட்டுநர் கதவு வழியே உள்ளே கைவிட்டு பானெட் கொக்கியை மட்டும் இழுத்தார். ஒரு விரல் அளவு இடைவெளி. சிலிண்டரின் குழாயை அதில் வைத்து அழுத்தினார். வெள்ளைத் தூள் சீறி, புகையோடு கலந்து திரும்பி வந்தது. நின்று பார்த்தார். இன்னொரு அழுத்து. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். தீ இல்லை. வயர் மட்டும் பாம்பு போல நெளிந்து, தோல் கொப்பளித்து, உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"சிவப்பைக் கழட்டவாக்கா?" மச்சான் ஸ்பானரோடு பேட்டரி முனைகளை நோக்கிப் பாய்ந்தான்.

"கருப்பு! எப்பவும் கருப்புதான் முதல்ல. சிவப்பைத் திருப்பும்போது ஸ்பானர் பாடியில பட்டா உன் கையிலயே வெல்டிங் நடக்கும். கருப்புல பட்டா ஒண்ணும் ஆகாது. தள்ளு."

நட் சூட்டில் இறுகியிருந்தது. ஸ்பானர் ஒருமுறை வழுக்கியது. இரண்டாவது முறை உடம்பு எடையைப் போட்டு அழுத்தினார். நகர்ந்தது. கருப்பு முனையைத் தூக்கி, மறுபடி பேட்டரியில் படாதபடி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கினார். வயரின் நெளிவு நின்றது. புகை இளைத்து, அறுந்து, காணாமல் போனது.

ஓட்டுநர் பக்கம் கீழே கார்பெட் கரிந்து, உள்ளங்கை அகலத்துக்குத் துளை விழுந்திருந்தது. அதற்கு மேலே ஓடும் வண்டியின் சொந்த வயர்களும் வெந்துபோயிருந்தன. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் தீ அங்கேதான் தொடங்கியிருக்கும், காலடியில். மச்சான் பானெட்டுக்குள் குனிந்து ஃபியூஸைத் துடைத்துப் பார்த்தான். ஜன்னலுக்குள் பட்டை அப்படியே பளபளத்தது. கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது.

மருந்து கம்பெனிக்காரர் கரிந்த கார்பெட்டைக் காலால் ஒதுக்கிப் பார்த்தார். அவர் மனைவிதான் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டே தம்பியிடம் வந்தாள்.

"இனிமே நீ டார்ச்சுக்கு செல் மாத்துறதா இருந்தாலும் என்கிட்ட கேட்டுட்டு மாத்து." சொல்லி முடிப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள். அவனும்.

தீயணைப்பு வண்டி வந்தது. வந்த வீரர்கள் இன்னொரு முறை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, வெந்த இடத்தில் தண்ணீர் தெளித்து, எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போனார்கள்.

கடைக்குத் திரும்பியபோது ரம்பம் நின்றிருந்தது. கணவர் வாசலிலேயே இருந்தார். கொழுந்தன் உட்காராமல் நடந்துகொண்டிருந்தார்.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"நான் ஃபியூஸ் இருக்கான்னுதான் அண்ணி பார்த்தேன். எத்தனைன்னு பார்க்கல."

"பார்க்கணும்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?" என்றார் அவர். "வேற யாராவது ஒண்ணைக் கொண்டுவந்து போட்டுடுவாங்கன்னு எனக்கும் தோணலையே."

கொழுந்தன் நடப்பதை நிறுத்தினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அன்று மாலைக்குள் ஒரு புது ஏற்பாடு வந்தது. வண்டி உள்ளே வந்ததும் சாவி அவர் கைக்குப் போகும். வேலை முடிந்தது என்று அவர் வாயால் சொல்லி, சாவியைக் கொழுந்தன் கையில் கொடுத்தால்தான் வண்டி நகரும். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். வண்டிக்காரரும் அவருடைய சொந்தபந்தமும் நடைபாதையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

புகைந்த கார், கயிறு கட்டி இழுத்துவரப்பட்டு கடையின் பின்கட்டில் நிற்கிறது. வெந்துபோன வயர்களுக்கு மாற்று வியாழக்கிழமை வருகிறது. அதுவரை மருந்து கம்பெனிக்காரர் வேலைக்கு பஸ்ஸில் போகிறார்.