குரங்கு வாயில் டயர் பிரஷர்

அண்ணாமலையார் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பஞ்சர் கடைக்காரன் வாயைத் திறந்தாலே, ரோட்டில் ஆணி போட்டவன் இவன்தான் என்று நினைக்கிற உலகம் இது. வண்டி வைத்துக்கொண்டு அவதிப்படுகிற நீங்களாவது நம்புங்கள்.

பீரோ

செங்கம் ரோட்டில் என் கடை. செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த வருஷங்கள். எல்சா அம்மா என்று ஒரு ஜெர்மன்காரர், நம்ம பக்கத்துத் தமிழை நம்மைவிட நன்றாகப் பேசுவார். பழைய பஸ் ஒன்றில் கட்டில், அடுப்பு வைத்து வீடாக்கிக்கொண்டார். ஒருமுறை மலைப்பாதையில் டயர் வெடித்து உயிர் பிழைத்தவர். அதனால் சக்கரங்களின் காற்று மூடிக்குப் பதில், ஊரிலிருந்து கொண்டுவந்த சுண்டைக்காய் அளவுக் கருவிகளைத் திருகச் சொன்னார். அவை ஒயர் இல்லாமலே சிக்னல் அனுப்பும்; காற்று கம்மியானால் டிரைவர் முன்னால் இருக்கிற பெட்டி கத்தும்.

பின்சக்கரங்கள் மட்டும் பேசவில்லை. நானும் டிரைவர் ஏழுமலையும் தேடிப் பார்த்தால், நடுவில் ஆளுயர இரும்பு பீரோ சிக்னலை மறிக்கிறது. கடைசியில் பெட்டியின் ஏரியல் ஒயரை நீட்டி பீரோ தலைமேல் கட்டினேன். அப்புறம் எதிரே நின்ற ஆட்டோவின் காற்றைக்கூடப் பெட்டி சொன்னது. சத்தியம் செய்திருக்கிறேன், மறக்க வேண்டாம். பீரோவையே எடுத்துவிடலாம் என்று நான் முதலில் சொன்னதற்கு எல்சா அம்மா சொன்னது: "பீரோ இல்லாதது ஒரு வூடாங்க?"

குரங்கு

எல்சா அம்மாவின் மகள் விமானத்தில் வருகிறாள், பெங்களூர் போய் அழைத்துவர வேண்டும். அதற்குச் சில நாள் முன்னால் பெட்டி கத்தியது: பின் இடது சக்கரத்தில் காற்றே இல்லையாம். தட்டினால் டயர் கல் மாதிரி இருக்கிறது. கருவியைத்தான் காணோம். எதிர் வேப்பமரத்தில் ஒரு குரங்கு அதைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேர்க்கடலை காட்டினோம். தின்றுவிட்டு, கருவியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் குரங்கு தெருவுக்குள் வந்தால் பெட்டி கத்தும், மலைப்பக்கம் போனால் ஓயும். சத்தம் கேட்டதும் பெண்கள் காயவைத்த வடகத்தை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். கருவி வராமல் வண்டி எடுக்கக் கூடாது என்று எல்சா அம்மா உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை என்னிடம் வந்து முறையிட்டான்: "கட்டையால தட்டிப் பாத்தே இத்தினி வருசம் ஓட்டிட்டேன். இப்ப கொரங்கு உத்தரவு குடுத்தாதான் கெளம்பணுமாண்ணே?"

செங்கம் தாண்டி

மகள் வரும் நாள் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்தச் சக்கரத்துக்குச் சாதா மூடி போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். தைரியத்துக்கு நானும் கூட ஏறிக்கொண்டேன். செங்கம் தாண்டியதும் பெட்டி கத்தியது. அதே பின் இடது. கருவியே இல்லாத சக்கரம். கத்திட்டுப் போவட்டும் என்றான் ஏழுமலை. எல்சா அம்மா நிறுத்தச் சொன்னார்.

இறங்கிப் பார்த்தால், எங்கே தொற்றிக்கொண்டதோ, கூரைமேல் அதே குரங்கு, கருவி அடக்கிய கன்னத்தைச் சாவகாசமாகச் சொறிந்துகொண்டிருக்கிறது. அதைத் துரத்தக் கல் எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பின் இடது டயர் நிஜமாகவே பாதி இறங்கியிருந்தது. முன்னால் மலை வளைவுகள். ஸ்டெப்னி மாட்டி முடித்ததும் குரங்கை விரட்டப் போன ஏழுமலையை எல்சா அம்மா தடுத்தார்: "அது எறங்க வாணாம்பா. பெங்களூர் வரைக்கும் மேலயே வரட்டும்."

எவ்வளவு ஒசத்தியான கருவியானாலும் அதைச் சுமக்கிற ஆள் நம்பகமானவனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தக் கதையைச் சொன்னது நான் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், ஏழுமலை சொல்கிற கதையில் வண்டியை நிறுத்தச் சொன்னதே அவன்தான்.