தள்ளினால் திறக்காத கதவு

எங்கள் பள்ளித் தாளாளர் தன் கையால் ஒரு கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. காரானாலும் அலுவலகமானாலும் யாராவது முன்னால் ஓடித் திறப்பார்கள். நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளி வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் கூடவே வந்துவிடுகிறது. நான் அங்கே இயற்பியல் ஆசிரியை.

போன வருடம் ஹைதராபாத்தில் ஒரு கல்விக் கண்காட்சி. என்னையும் அழைத்துப் போனார். கண்காட்சியில் பேச வேண்டிய இடத்தில் நான் பேசினேன். போட்டோவில் அவர் நின்றார். திரும்பும்போது சேலத்துக்குச் சின்ன விமானம். அவருக்கு முன் வரிசை, எனக்குக் கழிப்பறையை ஒட்டிய கடைசி வரிசை.

இறங்கப்போகிறோம், பெல்ட் போடுங்கள் என்று அறிவித்தார்கள். அப்போதுதான் தாளாளர் எழுந்து வந்தார். "உட்காருங்க சார்" என்று தடுத்த பணிப்பெண்ணை, தெருவில் குறுக்கே வந்த ஆட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கழிப்பறைக்குள் போனார்.

சற்று நேரத்தில் கதவு அதிர்ந்தது.

"ஏய்! கதவைத் திறங்க! யாருங்க வெளியில பூட்டுனது?"

நடுவில் மடிகிற கதவு அது. உள்ளே இருப்பவர் தன் பக்கம் இழுக்க வேண்டும். இவரோ முழு உடம்பையும் சாய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பணிப்பெண் வெளியிலிருந்து தாழை நீக்கிவிட்டாள். இருந்தும் அந்த உடம்பை மீறிக் கதவு மடியவில்லை.

"சார், தள்ளாதீங்க. உங்க பக்கமா இழுங்க."

"எனக்கே சொல்றியா? பைலட்டைக் கூப்புடு!"

"அவர் பிளேனை ஓட்டிட்டு இருக்கார் சார்."

"அப்ப அதை ஓரமா நிறுத்தச் சொல்லு!"

விமானமே சிரித்தது. அவரை உள்ளே வைத்துக்கொண்டு இறங்க முடியாதாம். தரையை நெருங்கிய விமானம் மறுபடி மேலேறியது. ஜன்னலில் மேட்டூர் அணை இரண்டாம் முறை வந்தது. உள்ளே சத்தம் அழுகையாக மாறியது. முருகனைக் கூப்பிட்டார், மனைவியைக் கூப்பிட்டார், கடைசியில் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர்! காப்பாத்துங்க டீச்சர்!"

பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, அருவருப்பாகத்தான் இருந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கதவருகே போனேன்.

"சார், வயித்தைப் பின்னால இழுத்துக்கிட்டு அந்த டாய்லெட் மேல உட்காருங்க. வயிறுதான் கதவை மறிக்குது."

தள்ளுவது நின்றது. அவரிடம் யாரும் அப்படிப் பேசி எத்தனை வருடம் ஆகியிருக்குமோ! பிறகு கதவு மடிந்தது. வியர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டையுடன் வெளியே வந்தவர், பணிப்பெண்ணிடம் சொன்ன முதல் வார்த்தை, "உம்மேல கம்ப்ளெயின்ட் குடுக்கறேன் பாரு."

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார். விமானத்தின் இன்ஜின் நின்றுபோனதாம். எல்லோரும் அலறினார்களாம். இவர்தான் எழுந்து நின்று அத்தனை பேருக்கும் தைரியம் சொன்னாராம்.

"நம்ம டீச்சரும் கூட இருந்தாங்க, கேட்டுப் பாருங்க சாமி!"

மைதானமே என் பக்கம் திரும்பியது.

"ஆமாங்க. சாரோட சத்தம் பிளேன் பூரா கேட்டுதுங்க" என்றேன்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் முகம் கறுத்தது. அடுத்த கண்காட்சிக்கு வேறொரு டீச்சரை அழைத்துப் போனார்.