அலிபிரிப் படியில் என் பொறாமை

என் கணவர் குவைத்துக்கு வேலைக்குப் போன பிறகு, பதினாறு வயது மகள் வித்யா சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. இது மனச்சோர்வு என்று கண்ட திருப்பதி டாக்டர், மருந்தோடு தினமும் உடம்பு வேர்க்க நடக்கவும் சொன்னார். நான் கூப்பிட்டால் வரமாட்டாள். பக்கத்து வீட்டு சரளா கூப்பிட்டதும் காலையில் திருமலைக்குப் போகும் அலிபிரிப் படி ஏறப் போனாள். போகப்போகத் தட்டு காலியானது, முகம் தெளிந்தது. எனக்கோ வயிறு எரிந்தது. பெற்றவளிடம் சொல்லாததை அவளிடம் என்ன சொல்கிறாள்?

ஒருநாள் பின்னாலேயே போனேன். அவர்கள் இளைப்பாற உட்கார்ந்ததும், படிக்குப் படி பொட்டு வைத்து ஏறும் வேண்டுதல்காரி போல முந்தானையைத் தலையில் போட்டு, அவர்களுக்குக் கீழே இருந்த படிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டேன். மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. சரளா எதையும் கேட்கவில்லை. நான்தான் வீட்டில் பொழுதுக்கும், "இன்னாடி ஆச்சு, சொல்லுடி" என்று துளைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கால்கள் என் முன்னால் வந்து நின்றன.

"யம்மா, குனிஞ்சிக்கினே ஏறினா இடுப்பு புடிச்சிக்கும். நிமிந்து வா."

வித்யா தானாக என்னிடம் பேசி மாதக்கணக்காகியிருந்தது. கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு அவளோடு ஏறினேன்.

சரளா மீது பொறாமை இன்னும் இருக்கிறது. எதையும் கேட்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!