சின்னையா செத்த மறுநாள் கருவாடு பொரித்த கதை

1. குழாயில் தண்ணீர் வரவில்லை

இரத்தினபுரி டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ரேடியோ ஸ்டேஷன். ஸ்டூடியோ கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் பாண் வாசம் உள்ளே வந்துவிடும். முதல் நாள் என் ஸ்கிரிப்டைப் படித்த பிரதீபன் சேர் தலையைத் தூக்கவே இல்லை. அவர்தான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். கொழும்புக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"லவ் இருக்கா?"

"இல்ல சேர்."

"யாராவது யாரையாவது ஏமாத்துறாங்களா?"

"இல்ல சேர். தோட்டத்து லயத்துக் குழாயில தண்ணி வரல."

"சரி, அதுக்குப் பிறகு?"

"ரெண்டாவது எபிசோட்லயும் வரல சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதின்மூன்று வாரம் தருகிறேன் என்றார். அதற்குள் நேயர்கள் ஸ்டேஷனுக்குப் போன் எடுத்துப் பேச வேண்டும். யாரும் பேசாவிட்டால் நாடகமும் இல்லை, நானும் இல்லை. தினமும் காலை பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம். அது தேயிலை மலையில் தேத்தண்ணி குடிக்கும் நேரம். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டுப் போனில் ரேடியோ கேட்பார்கள் என்று நான்தான் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன்.

2. ஆள் பிடிப்பது

இப்போது எழுத வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: கதாபாத்திரத்தை எப்படி உருவாக்குவது? நான் உருவாக்கவில்லை, திருடினேன்.

பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் உள்ள எங்கள் லயத்தில், அடுத்த காம்பராவில் இருந்தவர் ராக்கம்மா அக்கா. விடிவதற்குள் குழாயடியில் ஐந்து கேனை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிடுவார். கேட்டால் ஒன்று தங்கச்சிக்கு, ஒன்று கோயிலுக்கு என்று கணக்குச் சொல்வார். அவரை அப்படியே தூக்கி, பாக்கியம் என்று பேர் வைத்து நாடகத்தில் விட்டேன். முதல் எபிசோட் போன அன்று மாலை அக்காவைக் கண்டதும் பின்பக்கமாக நழுவப் பார்த்தேன்.

"தம்பி, கேட்டேன்," என்றார். "அந்தப் பாக்கியம் இருக்காளே, அப்படியே மேட்டு லயத்து செல்லம்மாதான். கேன வச்சு எடம் புடிக்கிற சனியன்."

இதைச் சொன்னபோது அவர் உட்கார்ந்திருந்தது தன்னுடைய கேனின் மேல்.

அதோடு பயம் போய்விட்டது. எங்கள் ஊரில் யாரும் தன்னை அடையாளம் காண மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரரைத்தான் காண்பார்கள். மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் கோபம், சங்கத் தலைவரின் மேடைப் பேச்சு, பூசாரியின் கொட்டாவி என்று கூச்சமில்லாமல் அள்ளினேன்.

ஒரே ஒரு ஆளை மட்டும் நானே சொந்தமாகக் கற்பனை செய்தேன். பாக்கியத்தின் புருஷன் சின்னையா, பெக்டரி கேட் வாச்சர். எதைக் கேட்டாலும் "பார்ப்போம், பார்ப்போம்" என்பார். எங்கே போனாலும் குடையோடுதான் போவார், ஆனால் மழையில் அதை விரிக்க மாட்டார். நனைந்தால் குடை வீணாகிவிடுமாம். அந்த வசனத்தை எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

3. கொலை

பதினோரு வாரம் முடிந்தது. ஒரு போன்கூட வரவில்லை.

"யாரையாவது சாகடிங்க முத்து," என்றார் பிரதீபன் சேர். "சனம் அழணும். அழுதா போன் எடுக்கும்."

யாரைக் கொல்வது? பாக்கியம் செத்தால் கதையே இல்லை. சின்னையாதான் அதிகம் பேசாத ஆள், யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை எபிசோடைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் அவசரமாக எழுதிய சாவைப் போட்டோம். மனிதர் காலையில் வேலைக்குப் போகிறார், கேட் பக்கத்தில் சாய்கிறார். சாவுக்குத் தப்படிக்கும் சத்தம், ஒப்பாரி, முடிந்தது.

அன்று மலையில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். ஒரு சாவு விழுந்தால் தோட்டத்தில் அரை நேரத்தோடு வேலை விடுவது வழக்கம். நாடகம் முடிந்ததும் ராக்கம்மா அக்கா கணக்கப்பிள்ளையிடம் போயிருக்கிறார்.

"ஐயா, சின்னையா செத்துட்டாரு. அரை நேரத்தோட எறக்கி விடுங்க."

கணக்கப்பிள்ளை பதறிப்போய், "எந்தச் சின்னையா? நம்ம செக்ரோல் புத்தகத்துல அப்படி ஒரு பேரு இல்லையே!" என்றாராம்.

மலையே சிரித்திருக்கிறது. ஆனால் ஸ்டேஷனுக்கு ஒருவரும் போன் எடுக்கவில்லை. பிரதீபன் சேர் மாலைவரை போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கு யோசிப்போம்," என்று எழுந்து போனார். அந்த யோசனை என்னவென்று எனக்குத் தெரியும்.

4. கருவாடு

நான் செய்த தப்பு இதுதான். புதன்கிழமைக்கான எபிசோடைப் போன சனிக்கிழமையே ரெக்கார்ட் பண்ணி வைத்திருந்தோம். அப்போது சின்னையா உயிரோடு இருந்தார். சாவைச் செருகிய அவசரத்தில் மறுநாள் என்ன போகிறது என்று நான் பார்க்கவில்லை. புதன் காலை பத்து மணிக்கு, புருஷன் செத்த மறுநாள், பாக்கியம் சிரித்துக்கொண்டே கருவாடு பொரித்தாள். எண்ணெய்ச் சத்தத்தை வேறு நன்றாகக் கேட்கும்படி வைத்திருந்தோம்.

பத்து மணி நாலு நிமிடத்துக்கு முதல் போன் வந்தது.

"ஏன்யா, நீங்க மனுசங்களா? சாவு வீட்டுல அடுப்பு பத்த வைக்கலாமா?"

அதை வைப்பதற்குள் அடுத்தது. "அக்கம்பக்கத்துல சோறு குடுக்க ஆளில்லையா அந்த லயத்துல?" கலவானையிலிருந்து ஒரு பெண்: "கருமாதி முடியாம கவிச்சி! அவ வெளங்குவாளா?" கரவனெல்லையில் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், அது எந்தக் கடைக் கருவாடு என்று விசாரித்தார்.

போன்களை எடுத்துக்கொண்டிருந்தவன் எங்கள் சவுண்ட்காரன் நிமல், சிங்களப் பையன். அவனுக்குத் தமிழ் அரைகுறை. கண்ணை விரித்துக்கொண்டு, "முத்து ஐயே, ஒக்கொம கரவல கென கதா கரனவனே!" என்றான். எல்லோரும் கருவாட்டைப் பற்றியே பேசுகிறார்களாம். பகல் சாப்பாட்டுக்குக்கூட அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

பிரதீபன் சேருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு ஆள் செத்ததுக்கு யாரும் பேசல. கருவாட்டுக்கா இவ்வளவு?" என்று கேட்டார். எனக்குப் புரிந்தது. சாவு எல்லா வீட்டிலும் வருவது, அதற்கு யாரிடம் சண்டை பிடிப்பது? கருவாடு பொரித்தவளைத்தான் பிடிக்க முடியும்.

வியாழக்கிழமை எபிசோடைப் புதிதாக எழுதினேன். கருவாடு பொரித்தது பாக்கியம் இல்லை, அவள் குரலில் மிமிக்ரி பண்ணுகிற கொழும்பு மருமகள் என்று சமாளித்தேன். வழக்கம் தெரியாத அவளை லயமே கூடித் திட்டியது. நேயர்கள் போனில் சொன்ன வசனங்களை ஒரு சொல் மாற்றாமல் போட்டேன். மருமகளுக்கு மட்டும் பிரதீபன் சேரின் பேச்சைக் கொடுத்தேன்: "லவ் இருக்கா? யாராவது அழுறாங்களா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்படி ஒருத்தி எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிறா முத்து," என்றார்.

பதினாறு நாளும் கதையில் யாரும் கவிச்சி தொடவில்லை. நாடகம் ஒன்பது வருடம் ஓடியது.

5. குடை

புதன்கிழமை மாலையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ராக்கம்மா அக்கா வாசலில் நின்றார். கையில் மூடிய சட்டி. சோறும் பருப்பும்.

"இந்தா, சாப்பிடு. சாவு வீட்டுல சமைக்கக் கூடாது."

"யாருக்கா செத்தது?"

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு என் காம்பராச் சுவரைப் பார்த்தார். ஆணியில் அப்பாவின் குடை தொங்கியது. ஒரு நாளும் மழையில் நனையாத குடை.

"பார்ப்போம், பார்ப்போம்னு சொல்லிட்டுத் திரிஞ்ச மனுசன எங்களுக்குத் தெரியாதா? ஒங்கப்பா செத்த அன்னைக்கு மண்ணு சரிஞ்சு ரோடெல்லாம் அடைச்சுக் கெடந்துச்சு. கொழும்புல வேலையில இருந்த நீ வந்து சேருறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஒனக்குத்தான் யாரும் சோறு குடுக்கல."

படியில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வாரம் அந்த ஆளை எழுதியிருக்கிறேன், அவருக்கு வசனம் கொடுத்திருக்கிறேன், யாரும் தேட மாட்டார்கள் என்று சொல்லிக் கொன்றும் இருக்கிறேன். அவர் என் அப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தன்னைக் காணாதவர்கள் என்று ஊரைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

அழுதுகொண்டே சாப்பிட்டேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே இருந்தார்.

எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். சொந்தமாகக் கற்பனை செய்தேன் என்று நீங்கள் நினைக்கிற ஆளைக் கொல்வதற்கு முன்னால், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழும்பும்போது அக்கா சொன்னார்: "எல்லாஞ் சரி தம்பி. ஆனா ஒன்னு சொல்றேன், அந்தச் செல்லம்மா சாவு வீட்டுலயும் கருவாடு பொரிக்கிறவதான்."